மடியில் கனம்: கொச்சித் துறையும் பயணப் பெட்டிக்குள் புகுந்த சட்டங்களும்

2017 மார்ச் 21, செவ்வாய்க்கிழமை. கொச்சி–முசிரிஸ் பினாலேயின் மூன்றாம் பதிப்பு நிறைவடைய எட்டு நாட்கள் இருந்தன. சரக்கு வைக்கக் கட்டப்பட்ட மட்டாஞ்சேரியின் பழைய கிடங்குகள் சில அந்த நாட்களில் கலைக்கூடங்களாக இருந்தன. அங்கே படைப்புகளை வைத்தவர்களும், காண வந்தவர்களும், அவற்றைப் பற்றி எழுத வந்தவர்களும் ஊர் திரும்பும் நேரம் அது. கொச்சியிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. நெடும்பாசேரியில் ஏறி, துபாயிலோ அபுதாபியிலோ தோகாவிலோ இறங்கி, வேறு விமானம் பிடிப்பதுதான் பெரும்பாலோரின் வழி. அன்று வாஷிங்டனிலிருந்து வெளியான ஓர் ஆணை, சரியாக அந்த வழியின் நடுவில் விழுந்தது.

ஆணையின் உள்ளடக்கம் எளியது. எட்டு நாடுகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடியாகப் பறப்போர், கைப்பேசியைவிடப் பெரிய எந்த மின்னணுக் கருவியையும் பயணியர் அறைக்குள் கொண்டுசெல்லக் கூடாது. மடிக்கணினி, கைக்கணினி, மின்னூல் படிப்பான், ஒளிப்படக் கருவி ஆகிய யாவும் சரக்கறையில் போகவேண்டும். ஒன்பது விமான நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் 96 மணி நேரம். அம்மான், கெய்ரோ, இஸ்தான்புல், ஜித்தா, ரியாத், குவைத், காசாபிளாங்கா ஆகியவற்றோடு கொச்சிக்காரர்களுக்கு மிகவும் பழக்கமான தோகா, துபாய், அபுதாபி ஆகிய மூன்றும் பட்டியலில் இருந்தன. அதே நாளில் பிரிட்டனும் ஒரு தடையை அறிவித்தது. ஆனால் அதன் ஆறு நாடுகளில் அமீரகமும் கத்தாரும் இல்லை. ஆகவே துபாயில் விமானம் மாறும் ஒருவரின் கணினி லண்டனுக்குப் போகும்போது மடியில் இருக்கலாம்; நியூயார்க்குக்குப் போகும்போது இருக்கக் கூடாது. நியூயார்க்கிலிருந்து துபாய்க்குத் திரும்புகையில் மீண்டும் மடிக்கு வந்துவிடலாம். தடை ஒரு திசைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

'மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம்' என்பது வழிப்பறிக்கு அஞ்சிய காலத்தின் பழமொழி. வழியைக் காப்பவரே மடியைத் திறக்கச் சொல்லும் நிலையைப் பற்றி அது பேசவில்லை. ஆனால் கொச்சித் துறையின் வரலாறு பெரும்பாலும் அந்த இரண்டாவது அச்சத்தின் வரலாறுதான். தன் வழியைத் தானே ஆளாத ஒரு துறையிலிருந்து புறப்படுபவர், எதைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்பதை வேறெங்கோ எழுதப்படும் ஒரு பட்டியல் தீர்மானிக்கிறது. 2017இன் நான்கு மாதங்களை இந்த நீண்ட வரிசையில் வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றின் பொருள் விளங்கும்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துகீசியர் இந்தியப் பெருங்கடலில் ஒரு புதுமையைப் புகுத்தினர். ஆசிய வணிகரின் கப்பல் எதுவும் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச்சீட்டு இல்லாமல் கடலில் செல்லக் கூடாது என்றனர். கப்பலின் பெயர், நகுதாவின் பெயர், செல்லும் துறை, ஏற்றக் கூடாத பொருள், ஏற்றக் கூடாத மனிதர் என எல்லாம் அச்சீட்டில் எழுதப்பட்டிருக்கும். மிளகும் படைக்கலங்களும் தடைப்பட்ட பொருட்கள். துருக்கியர் தடைப்பட்ட மனிதர். சீட்டுக்கான கட்டணம் சிறிதுதான். ஆனால் சீட்டைப் பெற்றவர் போர்த்துகீசியக் கோட்டை உள்ள துறையில் நின்று சுங்கம் கட்டியாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள். சீட்டில்லாத கப்பலையும் சீட்டை மீறிய கப்பலையும் பறிமுதல் செய்யலாம். அதுவரை யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்த கடல் ஒரு வாயிலாக ஆனது; வாயில் இருந்தால் வாயிற்காவலும் உண்டு. 1580களில் அரபியில் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' எழுதிய மலபார் அறிஞர் ஜைனுத்தீன் மக்தூம், இந்தச் சீட்டுமுறையால் முஸ்லிம் வணிகர் பட்ட துன்பத்தைப் பதிவுசெய்திருக்கிறார்.

அப்போது கொச்சியில் செல்வாக்கோடு இருந்தவர்களில் மரைக்காயர்களும் அடங்குவர். சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் அவர்கள். மிளகுக் கொடி படர்ந்த நாட்டில் நெல் போதாது. கிழக்குக் கரையின் அரிசிதான் கொச்சியின் உலையில் கொதித்தது. தொடக்கத்தில் போர்த்துகீசியருக்கே அவர்கள் சரக்கு வழங்கினர். சீட்டும் சோதனையும் கழுத்தை நெருக்கத் தொடங்கிய பிறகு, அக்குலத்தாருள் ஒரு பிரிவினர் வடக்கே நகர்ந்து சாமூதிரியின் பக்கம் சேர்ந்தனர். குஞ்ஞாலி மரைக்காயர்களின் கடற்போர்க் கதை அங்கிருந்துதான் விரிகிறது. கொச்சி அரசரோ போர்த்துகீசியரின் நட்பில் நிலைத்தார். 1555இல் மட்டாஞ்சேரியில் அவருக்குப் போர்த்துகீசியர் கட்டிக்கொடுத்த அரண்மனையைத்தான், பின்னர் டச்சுக்காரர் புதுப்பித்த காரணத்தால், இன்றைய பயணிகள் 'டச்சு அரண்மனை' என்று அழைக்கின்றனர். கட்டியவரின் பெயர் மறைந்து பழுதுபார்த்தவரின் பெயர் நிலைப்பது கட்டட வரலாற்றில் அரிதன்று.

கர்த்தாஸும் மடிக்கணினித் தடையும் ஒன்றெனச் சொல்வது பிழையாகும். முன்னது வரி பறிக்கும் கருவி; பின்னதற்கு உயிர்ச்சேதம் பற்றிய மெய்யான அச்சம் காரணமாக இருந்தது. ஒப்புமை வேறிடத்தில் இருக்கிறது. இரண்டிலும் பட்டியலை எழுதியவர் வழியின் கணுவைப் பிடித்திருந்தார். பட்டியலுக்கு உட்பட்டவரோ அந்தக் கணுவைத் தவிர்க்க இயலாதவர். இவ்வகை அதிகாரத்தை 'ஆயுதமாக்கப்பட்ட ஒன்றையொன்று சார்தல்' என்னும் கருத்தாக்கத்தால் 2019இல் ஹென்றி ஃபாரெலும் ஆபிரகாம் நியூமனும் விளக்கினர். வலைப்பின்னலின் மையக் கணுக்களை ஆள்பவர், பிறரைக் கண்காணிக்கவும் தடுக்கவும் வல்லவராகிறார் என்பது அதன் சாரம். இதே இருவர் 2017 மார்ச்சிலேயே மடிக்கணினித் தடையைப் பற்றி எழுதி, அதில் வணிகப் போட்டிக்கும் இடமிருக்கலாம் என்று சுட்டியது குறிப்பிடத்தக்கது. வளைகுடா நிறுவனங்கள் அரசு மானியத்தால் வளர்கின்றன என்று அமெரிக்க விமான நிறுவனங்கள் 2015 முதலே முறையிட்டுவந்தன. தடைக்குள்ளான பத்து நிலையங்களிலிருந்து எந்த அமெரிக்க நிறுவனமும் அமெரிக்காவுக்கு நேரடியாகப் பறக்கவில்லை. எனினும் வணிகப் போட்டி என்ற ஒரே விளக்கத்தில் நின்றுவிட முடியாது. வளைகுடாவின் பெரிய மையங்களைத் தொடாத பிரிட்டனின் பட்டியல் தன் சொந்த நாட்டு நிறுவனங்களையே பாதித்தது. வெறும் போட்டிப் பொறாமையால் ஓர் அரசு அப்படிச் செய்யாது.

அச்சத்துக்கான காரணம் பழையது. அதில் இந்தியாவுக்கும் ஒரு துயரப் பங்குண்டு. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்கு அப்பால் வெடித்து 329 பேர் இறந்தனர். அதே நாளில் தோக்கியோவின் நரிட்டா நிலையத்தில், மற்றோர் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்து, சுமை தூக்கும் பணியாளர் இருவர் மாண்டனர். அந்தக் குண்டு சான்யோ நிறுவனத்தின் வானொலி ட்யூனர் ஒன்றுக்குள் வைக்கப்பட்டிருந்ததைப் புலனாய்வாளர் சிதறல்களைக் கோத்துக் கண்டறிந்தனர். மூன்றாண்டு கழித்து, 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பியில் பான் அமெரிக்கன் விமானம் வீழ்ந்து 270 பேர் இறந்தபோது, குண்டு இருந்தது தோஷிபா வானொலி–ஒலிநாடாக் கருவிக்குள். இரண்டு நிகழ்ச்சிகளிலும் பெட்டி பறந்தது அல்லது பறக்கவிருந்தது. பெட்டிக்குரியவர் விமானத்தில் இல்லை. பயணி ஏறாத பெட்டியை ஏற்றக் கூடாது என்ற விதி உலகெங்கும் இறுக்கப்பட்டதும், இந்திய நிலையங்களில் ஓடுதளத்தின் ஓரம் வரிசையாக வைக்கப்பட்ட பெட்டிகளைப் பயணியர் ஒவ்வொருவராகத் தொட்டுக்காட்டிய பிறகே விமானத்தில் ஏறியதும் இக்காலத்தின் விளைவுகள்.

வானொலி–ஒலிநாடாக் கருவி என்பது அக்காலக் கேரளத்தில் வெறும் கருவியன்று. 'டூ இன் ஒன்' என்று அழைக்கப்பட்ட அது, வளைகுடாவுக்குப் போனவர் திரும்பி வந்ததன் சான்று. மட்டாஞ்சேரியின் குறுகிய சந்துகளில் யார் வீட்டுத் திண்ணையில் பாட்டு உரக்கக் கேட்டதோ, அந்த வீட்டில் கடல் கடந்தவர் ஒருவர் இருந்தார் என்று பொருள். அதன் பயன் பாட்டோடு நிற்கவில்லை. எழுதத் தயங்கிய மனைவியும் எழுத்தறியாத தாயும் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, துபாய்க்குத் திரும்பும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பினர். மறுமொழியும் அவ்வாறே வந்தது. எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய் கத்துப் பாட்டு' 1970களின் பிற்பகுதியில் வடகேரளத்தை உலுக்கியதற்கு, பாட்டின் பொருளுக்கு இணையாக அந்த ஒலிநாடாவும் காரணம். ஆகவே 1985க்கும் 1988க்கும் பிறகு சோதனைச்சாவடியில் ஐயத்தோடு திறக்கப்பட்ட பொருள் ஒரு குடும்பத்தின் அஞ்சல்பெட்டியாகவும் இருந்தது. கைப்பையில் வைக்கப்பட்ட கருவியின் உலர் மின்கலங்களைக் கழற்றச் சொல்லும் வழக்கம் இந்திய நிலையங்களில் நெடுங்காலம் நீடித்தது. சோதனை மேசைக்குக் கீழே மின்கலம் குவிந்திருந்த தட்டுகளை நினைவில் வைத்திருப்போர் இன்றும் உண்டு.

கொச்சிக்காரர்கள் அக்காலத்தில் இச்சோதனையை வேறு ஊர்களில்தான் எதிர்கொண்டனர். மட்டாஞ்சேரிப் படகுத்துறைக்கு எதிரே, காயலைத் தூர்வாரிய மண்ணால் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய வில்லிங்டன் தீவில் ஒரு விமான நிலையம் இருந்தது. ஆனால் அது கடற்படைக்குரியது. பெரிய விமானங்கள் இறங்க ஏற்றதன்று. வளைகுடா செல்வோர் பம்பாய்க்குப் போகவேண்டும், பிற்காலத்தில் திருவனந்தபுரத்துக்கு. பம்பாய்ச் சுங்கத்தைக் கடந்த பெட்டி, கயிற்றால் கட்டப்பட்டு, பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் எழுதப்பட்டு, ரயிலில் எறணாகுளம் வந்து சேரும். இந்த அலைச்சலைப் போக்கும் வேட்கைதான் நெடும்பாசேரி நிலையத்துக்கு முதலீடாயிற்று. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் பங்குப் பணமும் சேர்ந்து எழுந்த அந்நிலையத்தை 1999 மே 25 அன்று குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் திறந்துவைத்தார். 2017 மார்ச் 11 அன்று அதன் புதிய பன்னாட்டு முனையமும் திறக்கப்பட்டது. வாஷிங்டன் ஆணை வந்தது அதற்குப் பத்தாம் நாள். ஊரார் பணத்தில் சொந்த வாயில் கட்டிக்கொண்ட துறைக்கு, அடுத்த வாயில் இன்னும் பிறர் கையில்தான் இருக்கிறது என்பது உடனே நினைவூட்டப்பட்டது.

பட்டியல் எழுதுவதில் இந்திய அரசும் பின்தங்கியதில்லை. 1980கள் வரை வானொலிப் பெட்டி வைத்திருக்கவே உரிமம் வேண்டியிருந்தது. வெளிநாட்டு ஆய்வாளர் கொண்டுவந்த ஒலிப்பதிவுக் கருவியும் ஒளிப்படக் கருவியும் மறுஏற்றுமதிப் படிவத்தில் ஏற்றப்பட்டு, நாட்டைவிட்டுப் போகும்போது மீண்டும் காட்டப்பட வேண்டும். 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத்திரைத் தொலைக்காட்சிக்கு இலவசப் பயணச்சுமைச் சலுகை நீக்கப்பட்டு 36.05 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது; ரூபாயின் வீழ்ச்சி காரணமாகச் சொல்லப்பட்டது. அட்டைப்பெட்டியில் தொலைக்காட்சியோடு வந்திறங்குவது வளைகுடா மலையாளியின் அடையாளமாகியிருந்த காலம் அது. செயற்கைக்கோள் கைப்பேசியை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது இன்றும் குற்றம். மேலைநாட்டு மலையேறிகளும் கடலோடிகளும் இந்த விதியை அறியாமல் காவல் நிலையம் வரை போய்த்தான் கற்றுக்கொள்கின்றனர்.

2017இன் தடைக்குத் திரும்பலாம். பாதுகாப்பு நோக்கில் அதன் முன்மாதிரி 2016 பிப்ரவரி 2 அன்று மொகடிஷுவில் நிகழ்ந்தது. டால்லோ நிறுவனத்தின் விமானத்தில் மடிக்கணினிக்குள் மறைக்கப்பட்டிருந்த குண்டு வெடித்து விமானத்தின் பக்கச்சுவரில் துளை விழுந்தது. விமானம் இன்னும் முழு உயரத்தை அடையாததால், குண்டைக் கொண்டுவந்தவர் மட்டுமே மாண்டார், விமானம் தரையிறங்கியது. சன்னலோரத்தில் வைத்தால் சிறு குண்டும் சுவரைப் பிளக்கும். சரக்கறையில் பிற பெட்டிகளுக்கு நடுவே அது அவ்வளவு கொடியதாகாது. இந்தக் கணக்கில் பொருளில்லாமலில்லை. ஆனால் கனிஷ்காவும் லாக்கர்பியும் வீழ்ந்தது சரக்கறையில் வைத்த குண்டால்தான். சரக்கறையில் வேறோர் இடரும் இருந்தது: தீ. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய யூ.பி.எஸ். சரக்கு விமானம், லித்தியம் மின்கலச் சரக்கில் பற்றிய தீயால் வீழ்ந்து விமானிகள் இருவரும் இறந்தனர். 2016 ஏப்ரல் 1 முதல் பயணியர் விமானங்களில் லித்தியம் அயனி மின்கலங்களைத் தனிச் சரக்காக ஏற்றுவதைப் பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பு தடைசெய்திருந்தது. 2016 செப்டம்பரில் இந்தியாவின் குடிசார் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் சாம்சங் கேலக்ஸி நோட் 7 கைப்பேசியைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது, விமானத்தில் இயக்கவும் கூடாது என்றது. அதாவது கண்ணுக்கெட்டும் இடத்தில் இருந்தால்தான் அணைக்கலாம் என்பது 2016இன் அறிவு. கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போகட்டும் என்பது 2017இன் கட்டளை. ஒரே கருவிக்கு இரண்டு அச்சங்கள். ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு நஞ்சு. 2017 ஏப்ரலில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை இதைச் சுட்டிக்காட்டி, சரக்கறையில் வைக்கத்தான் வேண்டுமென்றால் கருவிகளை முழுவதுமாக அணைத்து, ஓரிடத்தில் குவிக்காமல் வைக்குமாறு அறிவுறுத்தியது.

கட்டளை வந்தபின் வாயிலில் நடந்தவை ஓரளவு பதிவாகியுள்ளன. எமிரேட்ஸ் மார்ச் 25 முதல் துபாயில் ஒரு சேவையைத் தொடங்கியது: பயணி விமானத்தில் ஏறும் கடைசி வாயில் வரை கணினியைக் கையில் வைத்திருக்கலாம், அங்கே பணியாளர் பெற்று, உறையிட்டுப் பெட்டியில் அடுக்கி, அமெரிக்காவில் இறங்கியதும் திருப்பித் தருவர். கொச்சியிலிருந்து வருபவருக்கு இது பெரிய ஆறுதல். நெடும்பாசேரியிலேயே பிரியவேண்டியதில்லை, முதல் நான்கு மணி நேரம் வேலை செய்யலாம். கத்தார் ஏர்வேஸும் வாயிலில் பெற்றுக்கொண்டது. உயர்வகுப்புப் பயணியருக்குக் கடன் மடிக்கணினி கொடுத்தது. பொருளாதார வகுப்பில் பதினான்கு மணி நேரம் அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவருக்கு அந்தக் கடன் கிடைக்கவில்லை. தடையிலும் வகுப்பு உண்டு. ராயல் ஜோர்டானியன் நிறுவனம், கணினி இல்லாமல் செய்யக்கூடிய பன்னிரண்டு காரியங்களைப் பட்டியலிட்டுச் சிரிக்கவைத்தது. புத்தகம் படிப்பதும் பக்கத்து இருக்கைக்காரருக்கு வணக்கம் சொல்வதும் அதில் அடக்கம். சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. ஏப்ரலில் எமிரேட்ஸ் அமெரிக்காவுக்கான வாராந்திர விமானங்களை 126இலிருந்து 101ஆகக் குறைத்தது.

ஆய்வாளருக்கு இதில் இழக்க என்ன இருந்தது? சரக்கறைப் பெட்டி தொலைந்தால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி விமான நிறுவனம் தரவேண்டிய உச்ச இழப்பீடு அன்று 1,131 எஸ்.டி.ஆர்.; ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். பெட்டியின் துணிமணியும் கணினியும் எல்லாம் சேர்த்துத்தான் அந்தத் தொகை. பல நிறுவனங்களின் பயண விதிகளோ, மின்னணுப் பொருட்களைச் சரக்குப் பெட்டியில் வைக்காதீர்கள், வைத்தால் பொறுப்பில்லை என்று முன்பே அச்சிட்டிருந்தன. கணினிக்குள் இருக்கும் நேர்காணல்களுக்கும் ஆவணப் படிகளுக்கும் விலை எழுத எந்த உடன்படிக்கையிலும் பத்தி இல்லை. ஓராண்டுக் களப்பணி ஒரே தட்டில் இருந்தால், அந்தப் பெட்டி சுழல்பட்டையில் வெளிவரும் வரை ஆய்வேடு வானத்தில்தான் தொங்கும்.

மட்டாஞ்சேரியைப் பொறுத்தவரை இது மிகைக்கூற்றன்று. 1950களில் கொச்சி யூதர் பெருந்தொகையாக இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்களுடைய பெண்கள் மலையாளத்தில் பாடிவந்த பாடல்கள் கையெழுத்து நோட்டுப் புத்தகங்களாக அவர்களின் மூட்டைகளில் போயின. அந்த நோட்டுகளும், பிறகு முதிய பெண்களிடம் பதிவுசெய்யப்பட்ட ஒலிநாடாக்களும் இல்லையென்றால், ஸ்கறியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் 2005இல் 'கார்குழலி' என்னும் தொகுப்பை வெளியிட்டிருக்க முடியாது. எது மூட்டையில் ஏறுகிறது, எது ஏறாமல் போகிறது என்பது ஒரு மரபின் ஆயுளோடு தொடர்புடையது.

இந்த இடருக்கு அரபிக்கடல் வணிகர் கண்டிருந்த மருந்து எண்ணூறு ஆண்டுப் பழமை உடையது. பழைய கெய்ரோவின் கெனிசாவில் கிடைத்த கடிதங்களை எஸ்.டி. கொய்ட்டைன் ஆராய்ந்து காட்டினார். ஏடனுக்கும் மலபாருக்கும் இடையே எழுதிக்கொண்ட யூத வணிகர், முக்கியமான கடிதத்தை இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பினர். சரக்கையும் ஒரே கப்பலில் ஏற்றாமல் பிரித்தனர். எந்தப் பொதியை யார் கையில், எந்த நகுதாவின் கப்பலில் அனுப்பினோம் என்பதைக் கடிதத்திலேயே எழுதினர். 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜூவின் கணக்குகளும் கடிதங்களும் இந்த எச்சரிக்கையின் அழகிய சான்றுகள். நெடும்பாசேரிப் பயணி 2017இல் செய்ததும் இதுவே: ஒரு படி மேகச்சேமிப்பில், ஒரு படி சட்டைப்பையில் அடங்கும் வன்தட்டில், ஒரு படி ஊரிலேயே நண்பரின் அலமாரியில். தடை கைப்பேசியைவிடப் பெரிய கருவிக்கே உரியதாதலால் சிறு வன்தட்டு தப்பியது. வெற்றுக் கணினியை மட்டும் வாயிலில் ஒப்படைத்தால் போதும். தொலைந்தால் இரும்பும் கண்ணாடியும்தான் தொலையும்.

முத்திரையைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. இந்திய நிலையங்களில் கைப்பையில் தொங்கிய சீட்டில் பாதுகாப்புப் படையினர் வைத்துவந்த முத்திரையை அக்காலப் பயணியர் அனைவரும் அறிவர். அது இல்லாமல் அன்று வாயிலைத் தாண்ட முடியவில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் ஏழு நிலையங்களில் அந்த முத்திரை கைவிடப்பட்டது. அவற்றுள் கொச்சியும் ஒன்று. ஒரு வாயிலில் முத்திரை மறைந்த அதே நாட்களில் அடுத்த வாயிலில் பெட்டியே பறிக்கப்பட்டது.

தடை வந்ததைவிட வேகமாகக் கரைந்தது. ஜூன் 28 அன்று 105 நாடுகளின் ஏறத்தாழ 280 நிலையங்களுக்கான புதிய பாதுகாப்பு நெறிகளை அமெரிக்கா அறிவித்தது. அதற்கு உடன்பட்ட நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து நீங்கின. அமெரிக்கக் குடிவரவுச் சோதனையைத் தன் மண்ணிலேயே நடத்தும் அபுதாபி ஜூலை 2 அன்று முதலாவதாக விடுபட்டது. துபாய், இஸ்தான்புல் ஜூலை 5. தோகா ஜூலை 6. அம்மாத இறுதிக்குள் அமெரிக்கத் தடை முற்றிலும் நீங்கியது. அதே ஜூலையில் மெய்யாகவே ஒரு சதி வெளிப்பட்டது: எத்திஹாட் விமானத்தை நோக்கமாகக் கொண்டு, இறைச்சி அரைக்கும் கருவிக்குள் வைக்கப்பட்ட குண்டு. அது பயணிப் பதிவுமேசையைத் தாண்டாமலே கைவிடப்பட்டது. ஊர் சிட்னி. எந்தப் பட்டியலிலும் இல்லாத ஊர்.

அதன் பிறகும் பட்டியல்கள் நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் லெபனானில் பேஜர்களும் வாக்கி-டாக்கிகளும் வெடித்த சில வாரங்களில், துபாய் வழியே செல்லும் எந்தப் பயணியும் அவற்றைக் கைப்பையிலோ சரக்குப் பெட்டியிலோ கொண்டுசெல்லக் கூடாது என்றது எமிரேட்ஸ். 2025 ஜனவரியில் தென்கொரியாவில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே தீப்பற்றியது. ஐயம் பவர் பேங்க்கின் மேல் விழுந்தது. 2025 அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸ் பயணி 100 வாட்-மணிக்கு உட்பட்ட ஒரே ஒரு பவர் பேங்க்கைத்தான் கொண்டுசெல்லலாம். பறக்கும்போது அதனால் எதற்கும் மின்னேற்றக் கூடாது. தலைக்கு மேலுள்ள பெட்டியறையில் வைக்கக் கூடாது. இருக்கைப் பையிலோ காலடியிலோ, எட்டும் தொலைவில் வைத்திருக்க வேண்டும். சரக்கறைக்கு அது முன்பே விலக்கப்பட்ட பொருள்.

நெடும்பாசேரியின் பதிவுமேசையில் இப்போது கேட்கப்படும் கேள்வி, உள்ளே மின்கலம் ஏதும் இருக்கிறதா என்பது. வாழைக்காய் வறுவலும் ஊறுகாயும் அடுக்கிக் கயிறு சுற்றிய பெட்டியை மேசையின் ஓரத்தில் வைத்துப் பயணி அவிழ்க்கிறார். அடியில் கிடந்த பவர் பேங்க்கை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு மீண்டும் கட்டுகிறார்.